தள்ளிவைத்த சடங்கு

ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் மிஸ்ஸி இல்லை, அதாவது நர்ஸ் இல்லை. மலாக்கா காஜா பெராங்கில் அந்தக் காலத்தில் இருந்த பெண்கள் கிளினிக்கில் ஆயாவாக இருந்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் அப்படியே கூட்டிக் கூட்டி எழுதுகிறேன், ஆகவே மெதுவாகத்தான் போகும். அவசரமுள்ளவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் இருந்த காலத்தில் என் இடுப்பில் ஏறிய பிறகும் அழுத பிள்ளை ஒன்றுகூட இல்லை. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யார் சொல்வார்கள்?

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. எங்கள் டாக்டரம்மா மலாக்காவிலேயே பிறந்த பாபா வீட்டுப் பெண். சீன முகம், வீட்டில் பேசுவது மலாய், தமிழ் சுத்தமாகத் தெரியாது. தமிழ்ப் பெண்கள் சொல்வதை நான் மலாயில் சொல்வேன். அவர் மலாயில் கேட்பதை நான் தமிழில் கேட்பேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் என்னிடம் சொன்னது இது: "ஆயா, அவங்க சொல்றத மட்டும் எனக்குச் சொல்லு. நீ நினைக்கிறதச் சொல்லாத. எனக்கு வேணும்னா நானே உன்கிட்ட கேட்டுக்குவேன்." எனக்குச் சுருக்கென்றது. வாய் அதிகம் உள்ளவள் நான். ஆனால் உண்மையிலேயே அவர் பிறகு என்னிடம் கேட்டார், பலமுறை. என்னிடம் அப்படிக் கேட்ட டாக்டர் வேறு யாருமில்லை.

இப்போது சொல்லப்போவது ஒரு பெண் பிள்ளையின் கதை. பெயர் சொல்ல மாட்டேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க ஆயா, பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

ஒரு காலை நேரம், தலையில் துண்டு போர்த்திய ஒரு சின்னப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒரு தாய் உள்ளே வந்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று இரண்டு தடவை பார்த்தாள்.

"அக்கா, பண்டார் ஹிலிர் பக்கம் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள்.

"என்ன பிள்ளைக்கு?"

அவள் என் காதருகே வந்தாள். "பெரிய மனுஷியாயிட்டாளாம். நாளன்னிக்குத் தண்ணி ஊத்துறாங்க."

"யாரு?"

"இவதான்."

நான் அந்தப் பெரிய மனுஷியைப் பார்த்தேன். ஏழு வயது. முன்பல் விழுந்த ஓட்டை வழியாக நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டு பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

நம் ஆட்களிடம் அப்போது வழக்கம் எப்படி என்றால், பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் தனியே உட்கார வைப்பார்கள், தாய்மாமன் சீர் கொண்டு வருவான், தண்ணீர் ஊற்றிப் புடவை கட்டுவார்கள், விருந்து வைப்பார்கள். அத்தோடு பல வீடுகளில் பள்ளிக்கூடமும் முடிந்தது. இந்தப் பிள்ளை இரண்டாம் வகுப்பு. தாய் பயந்தது அதற்குத்தான். "மனசு ஒப்பலக்கா. ஆனா அண்ணி பாத்துட்டுக் குலவையே போட்டுட்டாங்க. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு" என்று அழுதாள். அண்ணி என்றது புருஷனின் அக்காவை, பிள்ளையின் அத்தையை. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. அவர் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. பிள்ளைக்குப் பல மாதமாகக் கீழே கறை படுகிறது, வாடை வேறு. முதலில் அரிப்பு என்று சொன்னாளாம். மருந்து கட்டித் தரும் டிரெஸ்ஸர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். அரிப்பு நின்றது. கறை நிற்கவில்லை. சூடு என்று அத்தை வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தார், இளநீர் கொடுத்தார், விளக்கெண்ணெய் கொடுத்தார். பிறகு டிரெஸ்ஸர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை இருக்கும்வரை குறையும், முடிந்ததும் மறுபடி வரும். இந்த வாரம் கறையில் கொஞ்சம் ரத்தம். அதற்குத்தான் குலவை.

டாக்டரம்மா தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையையும் என்னையும் மட்டும் வைத்துக்கொண்டார். காதில் மாட்டும் குழாயைப் பிள்ளை காதில் மாட்டி அவளையே அவள் நெஞ்சைக் கேட்க வைத்தார். அது போதும், பிள்ளை சிரித்துவிட்டது. பிறகு என் மூலமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். யாராவது உன்னை நோகடித்தார்களா, பயமுறுத்தினார்களா? பிள்ளை யோசித்து, பக்கத்து வீட்டு வாத்து ஒன்று துரத்தியது என்றாள். வேறு யாரும் இல்லையாம். டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினார். அதற்குமேல் துருவவில்லை. அன்று அவர் செய்த பரிசோதனை எல்லாம் நாக்கு, கண், வயிறு, உடம்பு வளர்ச்சி. அவ்வளவுதான்.

தாயைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வயசுக்கு வர்ற பிள்ளைக்கு உடம்புல முதல்ல வேற மாற்றம் தெரியும். இவளுக்கு ஒண்ணுமே இல்ல, பால் பல்லே இப்பத்தான் விழுது. மருந்து குடிச்சா குறையுது, விட்டா திரும்ப வருது. மருந்தால கரைக்க முடியாத ஏதோ ஒண்ணு உள்ள தங்கியிருக்கணும். சின்னப் பிள்ளைங்க மூக்குல பயறு போட்டுக்கிற மாதிரி. அத எடுத்துட்டா எல்லாம் நின்னுடும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி நின்ற சத்தம். இவர்கள் உள்ளே வந்ததை யாரோ பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அத்தைக்காரி உள்ளே வந்த வேகத்தில் கதவுத் திரை கழன்று விழுந்தது. பெரிய உடம்பு, பெரிய குங்குமம். பின்னால் பிள்ளையின் தகப்பன். குருபோங் பக்கமிருந்து ரப்பர் ஏற்றிவரும் லாரி அவருடையது. அவர் உள்ளே வரவில்லை, சாக்கடை ஓரமாக நின்று பீடி பற்ற வைத்தார்.

"ஏண்டி, தீட்டுப் பிள்ளைய ரோட்டுல இழுத்துட்டு வந்திருக்கியே, உனக்கு ஏதாச்சும் கொழுப்பா?" என்று தாயைப் பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் தமிழச்சிதானே? நீ சொல்லக்கூடாது?"

"நான் சொல்ற வேலையில இல்லம்மா. கேக்குற வேலையில இருக்கேன்" என்றேன்.

"நல்லா வாய் வளத்து வெச்சிருக்காங்க."

டாக்டரம்மா சொன்னதை நான் அப்படியே அவரிடம் சொன்னேன். அத்தை சிரித்தார். "உள்ள தங்கியிருக்கா? என்ன, காசு முழுங்கிட்டாளா? சரி, அப்படின்னா இப்பவே பாக்கட்டும். நான் காலப் புடிக்கிறேன், நீ கையப் புடி. பாத்து முடிச்சுட்டு இல்லன்னு சொல்லட்டும், நாங்க போறோம். ஆடு வாங்கியாச்சு, மாமன்காரன் தாலிச் செயின் மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கான்."

இதையும் அப்படியே மலாயில் சொன்னேன். காலைப் பிடிக்கிற இடம் வந்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. நான் அவர் கோபப்பட்டுப் பார்த்தது குறைவு. குரலை உயர்த்தவில்லை. "யாரும் எதையும் பிடிக்கப் போறதில்ல" என்றார். "பெரிய ஆஸ்பத்திரியில மயக்கம் கொடுத்து, அவ தூங்கும்போதுதான் பார்ப்பேன். இல்லன்னா பார்க்கவே மாட்டேன். இன்னைக்கு நாலு பேர் புடிச்சு அமுக்கினா, பிள்ளை அத உயிரோட இருக்கிறவரைக்கும் மறக்காது."

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். வெளியே ஒரு குடும்பமே நிற்கிறது. வீட்டில் ஆடு கட்டியிருக்கிறது. ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் முடிந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு, நான் வேறு இடங்களில் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் செய்யவில்லை. தாமதமானால் சடங்கு நடந்துவிடும், பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தெரிந்தும் செய்யவில்லை.

அத்தைக்கு வேறு விதமாகப் பதில் சொன்னார். "சடங்கு வேணாம்னு நான் சொல்லல. அது உங்க வழக்கம். தள்ளி வைங்க. உண்மையாவே வந்திருந்தா மாசாமாசம் வரப்போகுது, எங்கேயும் ஓடிடாது. அடுத்த மாசம் நல்லா செய்ங்க. நான் சொன்னது சரியா இருந்தா, நடக்காத ஒண்ணுக்கு ஊரக் கூட்டிச் சோறு போட்டதா ஆயிடும்."

அத்தை உடனே, "தம்பியக் கேளுங்க" என்றார்.

டாக்டரம்மா எழுந்து சாக்கடை ஓரத்துக்கே போனார். வெள்ளைக் கோட்டோடு, வெயிலில். தகப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"அக்கா சொன்னா சரிங்க. எங்கள வளத்தவங்க" என்றார்.

"உங்க லாரி சத்தம் போடுது. எண்ணெய் ஊத்துறீங்க, நிக்குது. மறுபடி போடுது. மறுபடி ஊத்துறீங்க. எத்தன தடவ ஊத்துவீங்க?"

"கழட்டிப் பாப்பேன்."

"ஓடும்போதேவா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எஞ்சின நிறுத்திட்டுத்தான், டாக்டர்."

"நானும் அதத்தான் கேக்குறேன்."

இதை நான் தமிழில் சொன்னபோது அவர் லாரியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாறேன்" என்றார். அக்காவிடம் அவர் கேட்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பிள்ளை என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. இது தெரிந்ததும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தையின் குரல் ஏறியது.

"பாத்தியா? படத்துலயே ஒண்ணுமில்ல. இன்னும் என்னத்தத் தேடப் போறாங்க? மயக்கத்துல போற பிள்ள எந்திரிக்கலன்னா யாரு பதில் சொல்றது? இந்தச் சீனத்தியா சொல்லுவா?"

தகப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தை சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மயக்கம் என்பது அன்று சின்ன விஷயம் இல்லை. அத்தை கத்தியது பிள்ளை மேலிருந்த பயத்தில், பாசத்தில். அது அப்போது எனக்குப் புரியவில்லை. டாக்டரம்மாவுக்குப் புரிந்திருந்தது. அவர் அத்தைக்குத்தான் நேராகப் பதில் சொன்னார்.

"எக்ஸ்ரேயில எலும்பு தெரியும், இரும்பு தெரியும், கல்லு தெரியும். துணி தெரியாது, பேப்பர் தெரியாது, பஞ்சு தெரியாது. உள்ள ஒண்ணும் இல்லன்னு படம் சொல்லலம்மா. தன் கண்ணுக்குத் தெரியலன்னுதான் சொல்லுது. நான் பக்கத்துலயே நிப்பேன். அவ கண்ணு முழிக்கிறவரைக்கும் நான் வீட்டுக்குப் போகமாட்டேன்."

சம்மதத்துக்குக் கையெழுத்து வேண்டும். தகப்பன் பேனாவைப் பிடித்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை சுவரோடு சுவராக நின்ற தாய் முன்னால் வந்தாள்.

"பெத்தவ நான். எங்க ரேகை வெக்கணும்னு காட்டுங்க, நான் வெக்கிறேன்."

"ஏய், நீ சும்மா இரு" என்றார் அத்தை, ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

"இல்லண்ணி. இருந்தது போதும்."

தகப்பன் கையெழுத்துப் போட்டார். தாயும் பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தினாள், யாரும் கேட்காமலேயே.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டோடு நின்றேன். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஆயா, உள்ள ஒண்ணும் இல்லன்னா?"

என்னிடம் கேட்கிறார்! எனக்கு என்ன தெரியும்? "இல்லன்னா அவங்க சடங்கு வெக்கட்டும் டாக்டர். ஆட்டுக்கறி நல்லா இருக்கும், நான் போய்ச் சாப்பிட்டுட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அன்றுதான் தெரிந்தது, அவ்வளவு உறுதியாக நின்ற மனுஷிக்கும் உள்ளே நடுக்கம் இருந்தது. நடுக்கம் இல்லாத டாக்டரை நம்பாதீர்கள் என்று அதற்குப் பிறகு வந்த ஆயாக்களுக்கெல்லாம் நான் சொல்வதுண்டு.

அதிக நேரம் ஆகவில்லை. வெளியே வந்தபோது அவர் கையில் மூடிய சின்னத் தட்டு. தகப்பனிடம், பிள்ளை நன்றாக இருக்கிறாள், எடுத்தாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். தாயையும் அத்தையையும் ஓரமாகக் கூப்பிட்டுத்தான் தட்டைத் திறந்தார். நகத்தளவு இருக்கும். கறுத்துச் சுருண்ட ஒரு உருண்டை, அதில் ஒட்டிய சின்ன விதை.

அத்தை குனிந்து பார்த்தார். அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. "இது தலகாணிப் பஞ்சுல்ல?"

ஆமாம், இலவம் பஞ்சு. நம் வீடுகளில் எல்லாத் தலையணையிலும் அதுதான். கிழிந்த மூலை வழியாகப் பிள்ளைகள் பிடுங்கிப் பிடுங்கி ஊதி விளையாடும்.

பிள்ளை கண் விழிக்கும்வரை டாக்டரம்மா சொன்னபடியே பக்கத்தில் இருந்தார். நன்றாகத் தெளிந்து, ஐஸ் வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு வந்த பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தாயும் அத்தையும் கால்மாட்டில். ஏன் வைத்தாய், எப்போது வைத்தாய் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நாமாக இருந்தால் அப்படித்தான் கேட்டிருப்போம், பிள்ளையும் வாயைத் திறந்திருக்காது. அவர் என்னைக் கேட்கச் சொன்னது இவ்வளவுதான்: "ரொம்ப அரிச்சுச்சா, கண்ணு?"

"ம்" என்றாள். பிறகு தானாகவே வந்தது. "ராத்திரியெல்லாம் அரிச்சுச்சு. அப்புறம் பஞ்சு வெச்சேன். காது வலிச்சா அத்தை பஞ்சு வெப்பாங்கல்ல? சரியாப் போயிடுமே. அப்படித்தான் வெச்சேன். அப்புறம் எடுக்க வரல. சொன்னா அத்தை அடிக்கும்னு சொல்லல."

நான் இதை அப்படியே மலாயில் சொன்னேன். பூச்சியால் அரித்திருக்கிறது. பிள்ளை தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தானே செய்துகொண்டிருக்கிறாள். டிரெஸ்ஸர் மருந்தில் பூச்சி போய்விட்டது. பஞ்சு போகவில்லை. அவ்வளவு பேரின் மருந்தும் வெந்தயமும் குலவையும் அந்தப் பஞ்சைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

அத்தை பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "உன்ன நான் எப்ப அடிச்சிருக்கேன்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அடித்திருப்பார் போல.

வெளியே வந்ததும் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பிள்ள சரியாயிட்டா, சரி. ஊருக்கு நான் என்ன சொல்றது? குலவை போட்டது தெங்கேரா வரைக்கும் கேட்டிருச்சு. உண்மையச் சொன்னா, நாளைக்கு இவளப் பொண்ணு கேக்க வரும்போதும் அதையே பேசுவாளுங்க. நம்ம ஆளுங்க நாக்கு உங்களுக்குத் தெரியாது டாக்டர்."

"வயித்துல பூச்சி, ஆஸ்பத்திரியில இருந்தான்னு சொல்லுங்க. அது பொய்யில்ல."

"பூச்சிக்கு எதுக்குடி குலவை போட்டேன்னு கேப்பாளுங்களே."

மருந்தில் டாக்டரம்மாவை மிஞ்ச ஆளில்லை, ஆனால் காஜா பெராங்கின் தண்ணீர்க் குழாயடிப் பேச்சு அவருக்கு என்ன தெரியும்? அத்தை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "சரி, நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளை வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா இனி பள்ளிக்கூடம் போகலாம் என்று சொன்ன பிறகு, ஒரு காலை கிளினிக்குக்குப் போகும் வழியில் குழாயடியில் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டு நின்றேன். நடுவில் அத்தை. இடுப்பில் குடம். முகத்தில் அந்தப் பெரிய குங்குமம்.

"என்னத்தச் சொல்ல, போங்கடி" என்றார் சத்தமாக. "புதுப் பாவாட. சாயம் இறங்கியிருக்கு. அந்தச் சிவப்பப் பாத்துட்டு நான் குலவை போட்டுட்டேன். கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு."

"ஆட்டையும் வாங்கிட்டியே, பெரியம்மா!"

"வாங்கினேன். இப்ப அது என்னப் பாத்துச் சிரிக்குது."

"அப்படின்னா பாவாடைக்குத் தண்ணி ஊத்துங்க! மாமன் சீரையும் பாவாடைக்கே போட்டுடலாம்!"

ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசாத மனுஷி, தான் வளர்த்த தம்பியே பயந்து நிற்கும் மனுஷி, ஊர்ச் சிரிப்பு முழுவதையும் தன் தலையில் ஊற்றிக்கொண்டு அசையாமல் நின்றார். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். "ஆயாக்கா, நீங்க கிளினிக்குல இருக்கீங்களே, நெசமாவே சாயந்தானா?"

அத்தை என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கடி முதல்ல" என்றேன்.

மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே, இரட்டைச் சடையும் ஸ்லேட்டுமாக அந்தப் பிள்ளை குழாயடியைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஒருத்திகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.